குக்கர் யாருடையதோ, சமையலும் அவளுடையது

23 கிலோவுக்குள் அடங்க வேண்டிய பெட்டியில் அம்மா ஓர் ஐந்து லிட்டர் குக்கரை வைத்தார். அதன் வயிற்றுக்குள் துவரம்பருப்பு, சாம்பார் பொடி, புளி எல்லாம் அடைத்து, மூடியைத் தனியாகத் துண்டில் சுற்றி, மேலே ஸ்வெட்டரைத் திணித்தார். "நாலு பேர் இருக்கப்போற வீட்டுக்கு இதுதாண்டி சரி" என்றார். 2023 செப்டம்பர் கடைசியில் முதுகலை படிக்க ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தேன். கூடத் தங்கிய மூன்று பெண்களும் இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று சின்னச் சின்னதாகக் கொண்டுவந்திருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே தடவையில் சோறு வைக்க என் குக்கர்தான் இருந்தது. எல்லாம் அந்தக் குக்கரில்தான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு வருடத்தில் 555 யூரோ என் கையைவிட்டுப் போனது, ஒரு பரீட்சையில் தோற்றேன், ஒரு தோழியோடு பேச்சு நின்றது. அந்த 555 சின்னத் தொகை என்று நினைக்காதீர்கள். அப்போது மாணவர் விசாவுக்கு முடக்கிவைக்கச் சொன்ன தொகை வருடத்துக்கு 11,208 யூரோ. அதிலிருந்து மாதம் 934தான் கையில் வரும். வாடகை, 120 யூரோவுக்கு மேல் மருத்துவக் காப்பீடு, போன் என்று போனால் மிச்சத்தில்தான் சாப்பாடு. யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டம் போட்டு யாரும் எதையும் செய்யவில்லை. அதனால்தான் புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு நாள் ஆனது.

வீடு பழைய ஐந்து மாடிக் கான்கிரீட் குடியிருப்பு ஒன்றின் நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வாடகை வெந்நீர், ஹீட்டர் எல்லாம் சேர்த்து 720 யூரோ, ஆளுக்கு 180. முதலில் வந்து சேர்ந்தவள் நான் என்பதால் ஒப்பந்தம் என் பெயரில். மற்ற மூவரும் உரிமையாளரின் அனுமதியோடு என்னிடம் உள்வாடகைக்கு இருப்பவர்கள். இங்கே பல வீடுகளைச் சமையலறைச் சாமான் இல்லாமலேயே வாடகைக்கு விடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் சுவரில் நாலு ஓட்டையும்தான் இருந்தன. பழைய மின் அடுப்பு 90, ஃப்ரிட்ஜ் 110 என்று வாங்கி ஆளுக்கு 50 போட்டோம். டெபாசிட் 1,350 யூரோவை, ஆளுக்கு 337.50 என்று போட்டு, மொத்தமாகக் கட்டினேன். சட்டப்படி அது அடிப்படை வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது, மூன்று தவணையாகவும் கட்டலாம் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வந்த மாதமே கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள், தவணை கேளுங்கள்.

கூட இருந்தவர்களில் ஒருத்தி திருநெல்வேலி, ஒருத்தி ஈரோடு, ஒருத்தி பாலக்காடு. மூவரும் கல்லூரி முடித்து நேரே வந்தவர்கள். நான் சென்னையில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். முதல் நாளே திருநெல்வேலிக்காரி "அக்கா" என்றாள். பாலக்காட்டுக்காரி "சேச்சி" என்றாள். எனக்குத் தங்கை கிடையாது, அந்த வார்த்தை இனித்தது. நாலு பேரும் ஒரே வாடகை கொடுக்கும் வீட்டில் ஒருத்தியை மட்டும் அக்கா என்று கூப்பிட்டால், அக்கா செய்ய வேண்டிய வேலையெல்லாம் அந்தக் கூப்பிடலோடு சேர்ந்தே வரும் என்று அப்போது உறைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், சேர்ந்து சாப்பிடலாம் என்று ஆரம்பித்ததே நான்தான். வீடு கிடைக்கும் முன் பத்து நாள் ஒரு விடுதியில் இருந்தேன். தினமும் ரொட்டி, சீஸ், ஆப்பிள். பசி தாங்கிவிடலாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தனியாக மெல்லும்போது எனக்கே கேட்கிற அந்தச் சத்தம்தான் தாங்கவில்லை. அதனால் வீட்டுக்கு வந்த முதல் வாரமே, ராத்திரி எட்டு மணிக்கு நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம், சாமானுக்கு ஆளுக்கு 60 யூரோ ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவோம் என்றேன். எல்லோருக்கும் சம்மதம். முறை வைத்துச் சமைப்பது என்றும் பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டதோடு சரி, எழுதவில்லை.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நவம்பர் 22, புதன்கிழமை. காலையில் பை எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கிப் போனால் எல்லாக் கடையும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று பழகியிருந்தோம், ஆனால் புதனுமா? அன்று பிரார்த்தனைக்கும் மனம் வருந்துவதற்குமான கிறிஸ்தவ விடுமுறையாம். ஜெர்மனி முழுவதிலும் சாக்சனி மாநிலத்தில் மட்டும்தான் அதற்குப் பொது விடுமுறை. வீட்டில் அரைப் பாக்கெட் ரவை, இரண்டு வெங்காயம், வாடின கறிவேப்பிலை. நாலு பேரும் உப்புமாவை ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டோம். பாலக்காட்டுக்காரி கடைசியாக ஒரு வாழைப்பழத்தை ஒளித்த இடத்திலிருந்து எடுத்து வந்து நாலாக நறுக்கினாள். அவ்வளவு சிரித்து நான் வேறெந்த விருந்திலும் சாப்பிட்டதில்லை. வெளியூரில் தனியாக இருப்பவர்களிடம் சேர்ந்து சாப்பிடாதீர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. அந்த ஊரிலுள்ள வித்தியாசமான விடுமுறைகளை மட்டும் முதலிலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

பணம்தான் முதலில் இடறியது. மாதம் 240 யூரோ நாலு பேருக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம். நவம்பரில் இருபதாம் தேதியே டப்பா காலி. நான் என் கார்டில் சாமான் வாங்கினேன். டப்பாவில் மறுபடி போடச் சொன்னபோது திருநெல்வேலிக்காரி, "நமக்குள்ள என்னக்கா கணக்கு, அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நானும் ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு சிரித்தேன். டிசம்பரிலும் அதேதான் நடந்தது. இதில் நான் கற்றது இது: பொதுப் பணம் தீர்ந்த அன்றே கடை போவதை நிறுத்திவிட வேண்டும். ஒரு நாள் எல்லோரும் ரசம் சாதம் சாப்பிட்டால் டப்பா தானாக நிறைந்திருக்கும். நான் கார்டை நீட்டியதால் டப்பா காலியானதே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் எட்டு மணிக்குச் சுடச்சுடச் சோறு.

அடுத்து முறை. பாலக்காட்டுக்காரிக்கு ஒரு பேக்கரியில் காலை ஐந்து மணி வேலை கிடைத்தது. ராத்திரி எட்டரைக்கே தூங்கிவிடுவாள். திருநெல்வேலிக்காரிக்குக் கிடங்கில் பின்னிரவு ஷிஃப்ட். ஈரோட்டுக்காரி சைவம். அவள் முறை வருகிற நாளில் அரிசிம்பருப்பு சாதமோ பூசணிக் கூட்டோ செய்வாள். "இன்னிக்கும் இதுதானா" என்று மற்ற இருவரும் முகம் சுளிக்க, அவள் மெல்ல அடுப்பிலிருந்து விலகினாள். டிசம்பர் முடிவதற்குள் ஏழு நாளில் ஆறு நாள் நான்தான். பத்துக் கிலோ அரிசி மூட்டையை நாலு மாடி ஏற்றுவதும் நான்தான், கையில் கார்டு இருந்ததே. ஒருநாள் எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் என் உருவம் தெரிந்தது. அச்சு அசலாக அம்மா. வீட்டில் இருந்தபோது "நீயும் எங்களோட உக்காந்து சாப்பிடேன்மா" என்று நான் எத்தனை தடவை கோபப்பட்டிருப்பேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன், என்னை அங்கே யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை.

தினம் இரண்டு மணி நேரம், நூறு நாள், இருநூறு மணி நேரம். அப்போது இங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ. பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். என் துறையிலேயே ஆய்வு உதவியாளர் வேலை ஒன்று வந்தது, மாலை நாலிலிருந்து ஏழு வரை. "எட்டு மணிக்குச் சமையல் இருக்கே" என்று மனசுக்குள் ஓடியது. அதைக் காரணமாகச் சொல்ல வெட்கப்பட்டு வேறு ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தேன். இன்றுவரை நினைத்தால் வயிறு எரிகிற விஷயம் இதுதான். பிப்ரவரியில் ஒரு பரீட்சையில் தோற்றேன். எங்கள் துறையில் ஒரு பாடத்தை மூன்று தடவைதான் எழுதலாம், அதில் ஒன்று போயிற்று. சமையலால்தான் தோற்றேன் என்று முழுப் பழியையும் அங்கே போட முடியாது. ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் மாலை நான் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன்.

விருந்தாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. ஒருத்தியின் காதலர் பக்கத்து ஊரில் படிக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை வந்தால் ஞாயிறு ராத்திரி ரயில். நல்ல பையன், "சூப்பர் அக்கா" என்று பாத்திரத்தைக் காலி செய்வார். இன்னொருத்தியின் வகுப்புத் தோழர்கள் சனிக்கிழமை பிரியாணிக்கு வருவார்கள். வருகிறவர்களுக்குச் சோறு இல்லை என்று நம்மால் சொல்ல முடியாது, நம் வளர்ப்பு அப்படி. ஆனால் இரண்டு வருகைக்குள் பேசிவிடுங்கள். வந்தவரிடம் பேச வேண்டாம், அழைத்தவரிடம் பேசுங்கள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அது அவர்களின் உரிமை மாதிரி ஆகிவிடுகிறது, சொல்கிற நாம்தான் அற்பமாகத் தெரிவோம்.

ஃப்ரிட்ஜ் ஒன்று, ஆள் நாலு. குளிர்காலத்தில் மிச்சப் பாத்திரத்தை பால்கனியில் வைத்துவிடுவோம், வெளியே ஃப்ரிட்ஜைவிடக் குளிர். டிசம்பர் கடைசியில் இரண்டு நாள் திடீரென்று வெயில் அடித்தது. பால்கனியில் இருந்த சோற்றைத் தாளித்துப் புளியோதரை ஆக்கினோம். அன்று ராத்திரி இரண்டு பேருக்கு வாந்தி. வெந்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் ஒரு பாக்டீரியா வித்து உண்டு. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அது பெருகி நஞ்சு விடும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஒருவர் மட்டும் சமைக்கும் இடத்தில் "நேற்று வைத்ததா, முந்தாநேற்று வைத்ததா" என்பது அவருக்குத் தெரியும். நாலு பேர் அறையில் யாருக்கும் தெரியாது. டப்பா மேல் தேதியை ஒட்டுங்கள், சோற்றைப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வையுங்கள், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஜனவரி நடுவில் வெடித்தது. ஞாயிறு மதியம் எல்லோரையும் உட்காரவைத்து, பர்ஸில் இருந்த ரசீதுகளை மேசைமேல் கொட்டினேன். டப்பாப் பணத்துக்கு மேல் நான் போட்டது 412 யூரோ. குரல் நடுங்கியது, கொஞ்சம் அழுதுவிட்டேன். "நான் என்ன இந்த வீட்டுச் சமையக்காரியா" என்று கேட்டேன். திருநெல்வேலிக்காரி, "நாங்க கேக்கவே இல்லையேக்கா, நீங்களாத்தான செஞ்சீங்க" என்றாள். அந்த வாக்கியம் சுருக்கென்று குத்தியது. அதில் உண்மை இருந்ததுதான் காரணம்.

அப்போது ஈரோட்டுக்காரி தன் அறைக்குப் போய் ஒரு சின்ன நோட்டை எடுத்துவந்தாள். "அக்கா, நானும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேனுங்க. சொல்லலாமா வேண்டாமான்னே இருந்தேன்" என்றாள். நாலு மாதத்தில் பொதுப் பணத்திலிருந்து கோழி, மீன், முட்டைக்குப் போனது 296 யூரோ. தேதி வாரியாக எழுதியிருந்தாள். அதில் கால்வாசி, 74 யூரோ, அவளுடையது. அவள் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. கோழி செய்கிற நாளில் தயிர் சாதம் பிசைந்து அறைக்குள் எடுத்துப் போய்விடுவாள். "படிக்க இருக்குங்க" என்பாள், நானும் நம்பினேன். அக்டோபரில் ஒருநாள் "கறிக்குத் தனியா ஒரு கரண்டி வெச்சுக்கலாங்களா" என்று கேட்டிருக்கிறாள். நான் "இங்க வந்துமா ஆச்சாரம்" என்று சிரித்திருக்கிறேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் நோட்டில் இருந்தது. நாலு மாதமாக நான்தான் எல்லோரையும் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் தட்டிலிருந்த கோழிக்கும் அவள்தான் பணம் போட்டிருக்கிறாள்.

கணக்கைத் திருப்பிப் போட்டோம். 412-ஐ நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 103. அவளுடைய 74-ஐ அவளிடமிருந்து கழித்து மற்ற மூவர் மேல் ஏற்றினால், அவள் எனக்குத் தர வேண்டியது 29, மற்ற இருவரும் ஆளுக்குக் கிட்டத்தட்ட 128. ஈரோட்டுக்காரி அன்றே அனுப்பிவிட்டாள். பாலக்காட்டுக்காரி இரண்டு மாதச் சம்பளத்தில் தீர்த்தாள். திருநெல்வேலிக்காரி 50 கொடுத்தாள், மிச்சம் 78 வரவே இல்லை.

அதன் பிறகு நாங்கள் கண்டுபிடித்த முறை நன்றாக வேலை செய்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், தக்காளி, காய், தயிர், மசாலா மட்டும் பொது. கறி, மீன், முட்டை, நொறுக்குத் தீனி அவரவர் காசு. கறிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள், நாலு பெயர். சாப்பிட்டால் ஒரு கோடு. விருந்தாளி வந்தால் அழைத்தவர் பெயரில் இன்னொரு கோடு. மாதக் கடைசியில் பொதுச் செலவைக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவோம். மார்ச்சில் 168 யூரோ, 112 தட்டு, தட்டுக்கு ஒன்றரை யூரோ. கம்மியாகச் சாப்பிட்டவள் கம்மியாகக் கொடுத்தாள், யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. கணக்குப் பிரிக்கிற செயலிகள் இருக்கின்றன, முயன்றோம். ஆனால் செயலியைத் திறக்க மறந்துபோகும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருக்க முடியாது.

சமைத்தவர் பாத்திரம் தொடக் கூடாது என்பது அடுத்த விதி. முக்கியமாக, தினமும் சேர்ந்து சாப்பிடுவதை விட்டோம். புதன் ராத்திரி, ஞாயிறு மதியம் மட்டும். மற்ற நாள் அவரவர் பாடு. முதல் வாரம் வீடே பேயறைந்த மாதிரி இருந்தது, நான் மறுபடி ரொட்டி மென்றேன். பிறகு புதன்கிழமைக்காக நாங்கள் காத்திருக்க ஆரம்பித்தோம். வேறு யாராவது சமைத்த சோற்றை உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு ருசி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாலக்காட்டுக்காரி செய்த மோர்க்கூட்டானுக்கு இன்றும் நாக்கு ஏங்குகிறது.

இன்னும் ஒரு பூதம் அடுப்புக்குப் பின்னால் காத்திருந்தது. ஐந்து லிட்டர் குக்கர் தினமும் விடுகிற நீராவி எங்கே போகும்? வெளியே பனி, ஜன்னலைத் திறக்க யாருக்கும் மனசு வராது. துணியும் அதே அறையில்தான் காயும். மார்ச்சில் அலமாரியை நகர்த்தினால் வெளிப்புறச் சுவர் முழுக்கக் கருப்புப் புள்ளி. ஜெர்மன்காரர்கள் வீட்டைக் காற்றாடவிடுவதற்கு ஷ்டோஸ்லுஃப்டன் என்று தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். ஹீட்டரைக் குறைத்து, ஜன்னலை முழுதாகத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, சமைத்ததும் கட்டாயம். லேசாகச் சாய்த்து நாள் முழுக்க விடுவது உதவாது, சுவர்தான் குளிரும். சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள், அலமாரியைச் சுவரோடு ஒட்டாதீர்கள். இட்லி ஆவியைப் பற்றி விசா நேர்காணலில் யாரும் சொல்லித்தரவில்லை. (மிக்ஸியைப் பற்றியும்தான். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம், ஞாயிறு முழுக்கவும் சத்தம் ஆகாது. மாவரைப்பதை சனி பகலுக்கு மாற்றினோம், கீழ்வீட்டுப் பாட்டி அதன் பிறகு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.)

2024 செப்டம்பரில் வீட்டைக் காலி செய்தோம். பூஞ்சைக்காக டெபாசிட்டில் 390 யூரோ பிடித்தார்கள். ஆளுக்கு 97.50. இங்கேதான் என் மகா முட்டாள்தனம். திருநெல்வேலிக்காரியும் பாலக்காட்டுக்காரியும் ஆகஸ்டிலேயே பயிற்சி வேலைக்காக வேறு ஊர் போனார்கள். புது வீட்டுக்கு டெபாசிட் கட்ட வேண்டும் என்று கேட்டதும், அவர்கள் பங்கான ஆளுக்கு 337.50-ஐ என் கைக்காசிலிருந்து கொடுத்துவிட்டேன். உரிமையாளரிடமிருந்து பணம் எனக்கு ஜனவரியில்தான் வந்தது, அதுவும் குறைந்து. அந்த இருவரின் பங்கு 195 யூரோவை இனி எதிலிருந்து கழிப்பது? அக்டோபரில் மின்கட்டணத்தின் வருடக் கணக்கும் வந்தது. மாதத் தவணை குறையட்டும் என்று ஆரம்பத்தில் பயன்பாட்டைக் குறைத்துச் சொல்லியிருந்தோம். நாலு பேர் மின் அடுப்பில் சமைத்தால் அது எந்த மூலைக்கு? கூடுதலாக 344. இருவர் பங்கு 172. கடைசி பில் வந்து சேரும்வரை யாருடைய டெபாசிட்டையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். வந்த அன்றும் போகிற அன்றும் மின்மீட்டரைப் படம் எடுங்கள், சமையலறைச் சுவரையும் சேர்த்து.

ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒன்று உண்டு. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. முகவரி பதிவு செய்த சில வாரத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். பயந்து நாலு பேரும் கட்ட வேண்டாம். ஒருவர் கட்டி, மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும். நான் கட்டினேன், இருவர் பங்கு 110 வரவில்லை. பிறகு கணக்குப் பார்த்தால் வேடிக்கை. மூன்று மாதக் கட்டணம் 55.08. நாலு பேர் வீட்டில் ஒருவரின் வருடப் பங்கும் அதே 55.08. ஆளுக்கு ஒரு காலாண்டைக் கட்டினால் முடிந்தது, யாரும் யாருக்கும் கடனில்லை. இதை மேசைமேல் இருந்த கடிதத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருக்கலாம். நான் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கெம்னிட்ஸ் நகர நடுவில் ஏழு மீட்டர் உயரமுள்ள கார்ல் மார்க்ஸின் தலைச் சிலை இருக்கிறது. 1953 முதல் 1990 வரை அந்த ஊருக்கே அவர் பெயர்தான். பொதுவுடைமையின் பெயரை முப்பத்தேழு வருடம் சுமந்த ஊரில் நாலு பெண்களால் ஒரு பிஸ்கட் டப்பாவைப் பொதுவாக வைத்திருக்க முடியவில்லை என்று நானும் ஈரோட்டுக்காரியும் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அவளும் நானும் இப்போது வேறு வீட்டில் சேர்ந்தே இருக்கிறோம், ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், நானே கேட்டுக்கொண்டது. ஃப்ரிட்ஜ் கதவில் தாள் இருக்கிறது.

திருநெல்வேலிக்காரியிடமிருந்து நாலு மாதம் ஒன்றும் வரவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அக்கா, ஒங்க சாம்பார் பொடிக்கு மல்லி எவ்வளவு, மிளகா எவ்வளவு? இங்க ஒருத்தருக்கும் அந்த ருசி வரல." அம்மாவிடம் கேட்டு, மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, வெந்தயம் என்று அளவு பிசகாமல் எழுதி அனுப்பினேன். கடைசி வரியில் என் வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்தேன். பொடி நன்றாக வந்ததாம், படம் அனுப்பியிருந்தாள்.